வண்டிக் கொட்டகையும் உருளைப் பலகைகளும்



திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு எங்கள் ஊர் நாடறிந்த ஊர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசையைக் கேட்டுக்கொண்டே எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தார்கள். ஆகவே பெரிய வண்டிகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வீட்டுக் கொட்டகைக்குள் நிற்கும் சிறிய காரை, எஞ்சினை இயக்காமல், கையால் தள்ளியே பக்கவாட்டில் ஒதுக்கி வைப்பதற்கு உதவும் ஒரு கருவியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். கடைக்காரர்கள் இதனை ‘வீல் டாலி’ என்கிறார்கள். நான் உருளைப் பலகை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஓர் இரும்புப் பலகை. அதன் நான்கு மூலைகளிலும், எத்திசையிலும் திரும்பவல்ல நான்கு சிறிய உருளைகள். காரின் சக்கரம் ஒன்று அதன்மேல் அமர்வதற்கு நடுவில் ஒரு பள்ளம். கருவி இவ்வளவே. மருத்துவமனைக் கட்டிலின் கால்களில் உள்ள உருளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. காரின் நான்கு சக்கரங்களுக்கும் கீழே இத்தகைய பலகை ஒவ்வொன்றை வைத்துவிட்டால், முன்னும் பின்னும் மட்டுமே நகரக்கூடிய வண்டி, நண்டைப்போலப் பக்கவாட்டிலும் நகரும். இடம் குறைந்த வீடுகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்றே முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

எங்கள் வீட்டுக் கொட்டகை என் பாட்டனார் காலத்தில் சவாரி வண்டிக்காகக் கட்டப்பட்டது. ஒரு வண்டியும் இரண்டு காளைகளும் தாராளமாக நிற்கும். பிற்காலத்தில் அதன் தரைக்குச் சிமெண்டு பூசி என் அம்பாசிடர் காரை நிறுத்தினேன். 2014ஆம் ஆண்டோடு அந்தக் கார் செய்வதே நின்றுபோயிற்று. எனினும் என் வண்டியை விற்க மனம் வரவில்லை. நான் தலைமையாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர் மகன் புதுக் கார் ஒன்று வாங்கினான். இரண்டும் ஒரே கொட்டகையில் நிற்கவேண்டும் என்றால், பழைய வண்டி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாக வேண்டும். அவ்வளவு நெருக்கமாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் கதவைத் திறந்து இறங்க முடியாது. ஆகவே உருளைப் பலகைகள் நான்கு வாங்கி வந்தேன்.

கடையில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “எவ்வளவு எடை தாங்கும்?” அவர் சொன்ன எடை என் வண்டியின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மகிழ்ந்தேன். பிறகு பல வகைகளையும் கடைத் தரையில் உருட்டிப் பார்த்து, எது மிக எளிதாக உருண்டதோ அதனையே பொறுக்கினேன். அதன் உருளைகள் கெட்டியான நைலானால் ஆனவை. நாற்பது ஆண்டுக்காலம் பிள்ளைகளுக்கு உராய்வு விசை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒருவன் இப்படிப் பொறுக்கியிருக்கலாகாது.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டியை ஜாக்கியால் தூக்கி, நான்கு சக்கரங்களுக்கும் பலகை வைத்து, நானும் மகனுமாகச் சுவரோரம் தள்ளினோம். வெண்ணெய்போல நகர்ந்தது. நிறுத்திவிட்டு, வழக்கப்படி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். மகன் உள்ளே போய்விட்டான். கால்மணி நேரம் வண்டி அசையவில்லை. கொட்டகை வாசற்படியில் பேரன் சாக்கட்டியால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். வண்டிக்குள் விட்டிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சற்று அழுத்திச் சாத்தினேன். வண்டி மெல்ல அசைந்து, வாசலை நோக்கிப் புறப்பட்டது.

வேகம் ஒன்றும் பெரிதில்லை. குழந்தை தளர்நடை நடக்கும் வேகந்தான். ஆனால் பின்பக்கத்தைப் பற்றி இழுத்த எனக்கு அது அடங்கவில்லை. செருப்பு வழுக்கிற்று. என் கூச்சலைக் கேட்டு வந்த மனைவியார், கொட்டகை மூலையில் வெகுகாலமாகச் சும்மா கிடந்த அம்மிக் குழவியைக் காலால் உருட்டி, முன்னால் வந்த உருளைக்கு எதிரே தள்ளினார். வண்டி நின்றது. பேரனுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழ இடம் இருந்தது. அவன் கடைசிவரையில் தலை நிமிரவே இல்லை.

“தேரோடுகிற ஊரில் பிறந்துவிட்டுக் கட்டை வைக்காமல் வண்டியை உருட்டினீர்களே” என்று மட்டும் மனைவியார் சொன்னார். அதற்கு மேல் அன்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த ஆறு ஏழு விநாடிகளில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் அமர்ந்து ஆராய்ந்தேன். தவறுகள் மூன்று; மூன்றும் என்னுடையவை.

முதலாவது, ஹேண்ட் பிரேக். அது காரின் சக்கரங்களைச் சுழலாமல் பிடிக்கும் கருவி. சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்வரை, சக்கரம் சுழலாவிட்டால் வண்டி நகராது. சக்கரமே பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்ட பின், அது சுழன்றால் என்ன, சுழலாவிட்டால் என்ன? உருள்வது பலகையின் உருளை அல்லவா! கியரில் போட்டு நிறுத்துவதும் அப்போது அவ்வாறே பயனற்றது. நான்கு பலகைகளின்மேல் நிற்கும் கார், பிரேக் என்பதே இல்லாத கார்.

இரண்டாவது, தரை. நம் நாட்டில் கொத்தனார் கொட்டகைத் தரை போட்டால் வாட்டம் கொடுக்காமல் போடமாட்டார். கழுவிய நீர் வாசல் வழியாக வழிந்தோட வேண்டும் அல்லவா? பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்கில் அது அறுபதில் ஒரு பங்குச் சரிவு. வண்டியின் எடையை, வசதிக்காக, 1,200 கிலோ என்று கொள்வோம். அதில் அறுபதில் ஒரு பங்கு 20 கிலோ. அதாவது, யாரும் கை வைக்காமலே, 20 கிலோ விசை அந்த வண்டியை இரவும் பகலும் வாசலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேல்நாட்டார் எழுதும் குறிப்புகளில், ‘சமமான தரையில் பயன்படுத்துக’ என்று ஒரு வரி இருக்கும். அதனைப் படித்துவிட்டு நாம், நம் தரை மேடு பள்ளம் இன்றி வழவழப்பாக இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடுகிறோம். வழவழப்பு வேறு, மட்டம் வேறு.

மூன்றாவது, நைலான் உருளை. கெட்டியான உருளை நல்ல சிமெண்டுத் தரையில் உருள்வதற்கு, தாங்கும் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விசை இருந்தாலே போதும். 1,200 கிலோவுக்கு அது 12 கிலோ. சரிவோ 20 கிலோவால் இழுக்கிறது. வண்டி ஓடாமல் என்ன செய்யும்?

அப்படியானால் கால்மணி நேரம் ஏன் நின்றது என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். திரும்பும் உருளையின் அச்சு, அதனைத் தாங்கும் தண்டுக்கு நேர் கீழே இராது. சற்றே தள்ளி இருக்கும். அதனால்தான் தள்ளும் திசைக்கு ஏற்ப உருளை தானே பின்னால் திரும்பிக்கொள்கிறது. நாங்கள் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தியதால் பதினாறு உருளைகளும் சுவரை நோக்கிக் குறுக்கே நின்றன. குறுக்கே நிற்கும் உருளை வாசல் பக்கமாக உருளாது. கதவைச் சாத்திய அதிர்ச்சியில் அவற்றுள் சில திரும்பிவிட்டன. மற்றவை அவற்றைப் பின்பற்றின. ஆகவே, பலகைமேல் ஏற்றிய வண்டி சிறிது நேரம் அசையாமல் நின்றது என்பதைக் கொண்டு அது இனியும் நிற்கும் என்று நம்பலாகாது.

இப்போது கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். எடை தாங்குமா என்பது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அது கடைசிக் கேள்வி. நான்கு பலகைகள் சேர்ந்து தாங்கும் எடையைப் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதனை நான்கால் வகுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் இருக்கும் முன்பக்கம் பெரும்பாலான கார்களில் பின்பக்கத்தைவிடக் கனமானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சக்கரத்தின்மேல் விழும் பாரத்தைப்போல இரண்டு மடங்கு தாங்கும் பலகையாக இருந்தால் கவலையில்லை. தரை சற்றே கோணலாக இருந்தால் பலகையின் நான்கு உருளைகளுள் மூன்றுதான் தரையைத் தொடும். பாரம் முழுவதும் அந்த மூன்றின் தலையில் விழும்.

முதற் கேள்வி, நம் தரை எப்படிப்பட்டது என்பது. கடைக்குப் போகுமுன் ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போங்கள். நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். கொத்தனாரின் இரசமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. குண்டு தானே உருண்டோடும் தரையில் நான்கு பலகை முறையை நினைக்கவே வேண்டாம். வேறு முறை இருக்கிறது, பின்னர்ச் சொல்கிறேன்.

அடுத்து, தரையின் வெடிப்புகளையும் கல் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்கும் குறைவான, ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி ஆரமுள்ள காரின் சக்கரம் அதன்மேல் ஏறுவதற்கு, அது சுமக்கும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விசை போதும். மூன்று அங்குல விட்டமுள்ள உருளைக்கோ பாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட விசை வேண்டும். முன்னால் செல்லும் இரண்டு பலகைகளின் முன் உருளைகள் நான்கும் ஒரே சமயத்தில் அந்த விளிம்பில் முட்டினால், தள்ளுவதற்கு 170 கிலோ அளவு விசை தேவைப்படும். இரண்டு ஆள் மூச்சுப் பிடித்தாலும் நகராது. நகர்ந்தால் ஒரே குதியாகக் குதித்துப் போகும். இரண்டு அங்குல உருளையில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே உருளை எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. ஆனால் உருளை பெரிதானால் வண்டியும் உயரும். அது தாழ்வான கொட்டகையில் இடிக்குமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருளை எதனால் ஆனது என்பதையும் விசாரிக்க வேண்டும். இங்கே வகுப்பறையில் நான் சொல்வதுண்டான ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. காரின் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. ஒரு சக்கரம் 250 கிலோ சுமந்தால், அது தரையைத் தொடும் இடம் 125 சதுர சென்டிமீட்டர் அளவு. நம் அஞ்சலட்டையின் பரப்பு அது. நான்கு அஞ்சலட்டைகளின்மேல் ஒரு கார் நிற்கிறது! அதே பாரத்தை இரும்பு உருளைகள்மேல் ஏற்றினால், ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஒரு தீக்குச்சி அளவுதான் இருக்கும். பூச்சுத் தரை பெயரும், ஓட்டுத் தரை விரிசல் விடும். இரும்பும் கெட்டி நைலானும் பட்டறைத் தரைக்கு ஏற்றவை. ரப்பர் தரையை நோகச் செய்யாது. ஆனால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்புறம் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆன உருளைகள் இரண்டுக்கும் நடுத்தரமானவை. வீட்டுக்கு அவையே பொருத்தம். சற்றுக் கூடுதலாகத் தள்ளவேண்டியிருக்குமே என்று தயங்காதீர்கள். அந்தக் கூடுதல் உராய்வு நமக்குத் துணை.

பலகையில் இருவகை உண்டு. ஒன்று, நான் முதலில் வாங்கியதைப்போன்ற வெறும் பலகை. வண்டியை ஜாக்கியால் தூக்கித்தான் சக்கரத்தை அதன்மேல் வைக்க முடியும். விலை குறைவு. ஆனால் ஒரு சக்கரத்துக்குப் பலகை வைத்துவிட்டு அடுத்ததற்கு ஜாக்கி போடும்போது, முதற்பலகை சற்றே உருண்டாலும் ஜாக்கி சாயும். அந்தச் சமயத்தில் வண்டிக்கு அடியில் கையோ தலையோ இருக்கவே கூடாது. மற்றொரு வகையில், இரண்டு தண்டுகள் டயரை முன்னும் பின்னும் கவ்விக்கொண்டு நெருங்கி வரும். காலால் மிதிக்க மிதிக்கச் சக்கரம் மேலே எழும்பும். ஜாக்கி வேண்டாம். விலை பன்மடங்கு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் இதனையே சொல்வேன். தூக்கிய பின் பூட்டுமுளையைச் செருக மறக்கக்கூடாது. எந்த வகையானாலும், உங்கள் டயரின் அகலத்தைவிடப் பலகை அகலமாக இருக்க வேண்டும். நான்கு உருளைகளில் இரண்டுக்காவது காலால் மிதித்துப் பூட்டும் பூட்டு இருக்க வேண்டும்.

இனி, வாட்டமான தரைக்கு உரிய முறை. இதனை எனக்குக் கற்பித்தவர் எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரி ஒருவர், என்னிடம் படித்தவர். “ஐயா, நாலு பலகை எதுக்குங்க? ரெண்டு போதும். ரெண்டு சக்கரம் எப்பவும் மண்ணுல இருக்கணும்” என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஊர்த் தேர் நினைவுக்கு வந்தது.

வைகாசி விசாகத் திருவிழாவில் அர்த்தநாரீசுவரர் மலையினின்று கீழே எழுந்தருளி, திருத்தேரில் வீதி வலம் வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். தேருக்குத் திசை திருப்பும் கருவி கிடையாது. நேராக ஓடத்தான் அதற்குத் தெரியும். அதனைத் திருப்புகிறவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தயங்கும், மறுபக்கம் வடத்தின் இழுப்பில் முன்னேறும், தேர் திரும்பும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் போகும் வழியும் நிற்கும் இடமும் அந்தச் சிலரின் கையில்தான் இருக்கின்றன. ஏறத்தாழ முந்நூறு டன் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அங்கும் முட்டுக்கட்டைக்கு வேலை போய்விடவில்லை. வீதிமுனையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி அவற்றின்மேல் சக்கரத்தைத் திருப்புவதையும் அங்கே காணலாம்.

மேஸ்திரி சொன்ன முறை இதுவே. காரின் ஒரு முனையிலுள்ள இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் பலகை வைக்க வேண்டும். மறுமுனைச் சக்கரங்கள் இரண்டும் தரையிலேயே நிற்கும். தூக்குவதற்கு முன்பே அந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்துவிட வேண்டும். பலகைகள் ஏறிய பின், தரையிலுள்ள சக்கரங்களுள் ஒன்றின் கட்டையை மட்டும் நகர்த்தும் தூரத்துக்கு விலக்கிவைத்து, கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்து, தூக்கிய முனையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கட்டை வைத்த சக்கரத்தை மையமாகக் கொண்டு வண்டி கவராயத்தைப்போல வட்டமிடும். விலக்கிவைத்த கட்டையில் மற்றச் சக்கரம் முட்டியதும் தானே நிற்கும். ஆகவே எவ்வளவு திரும்பவேண்டும் என்பதைக் கட்டை வைக்கும்போதே முடிவு செய்துகொள்ளலாம். பிறகு பலகைகளை எடுத்து மறுமுனைக்கு வைத்து, அதனையும் அவ்வாறே தள்ளினால் வண்டி சுவரோரம் போய்ச் சேரும். ஒரே தள்ளில் முடியும் வேலைக்கு இரண்டு தவணையும் அரைமணி நேரமும் ஆகின்றன. ஆகட்டும். வண்டி எந்த நேரத்திலும் நம் கையை மீறாது.

வாட்டம் பக்கவாட்டில் இருந்தால், தள்ளிய முனை தானே இறங்கப் பார்க்கும். பலகை போகும் வழியில் குறுக்கே ஒரு கட்டையைக் கிடத்திவைத்தல் வேண்டும். வெடிப்பு இருக்கும் இடத்தில் இரும்புத் தகடு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பத்துக்கு ஓரடிக்கு மேற்பட்ட சரிவில், அதாவது வாசலில் ஏற்றிறக்கத்துக்காகப் போடும் சரிவுத் தளத்தில், எந்தப் பலகையையும் பயன்படுத்தலாகாது. வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதும், மற்றொரு வண்டியால் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. வண்டிக்கு அடியில் பழுது பார்ப்பதற்கு இது தாங்கியும் அன்று. வேலை தொடங்குமுன் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் கொட்டகையை விட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும். வாசல் பக்கம், சரிவின் கீழே, யாரும் நிற்கக்கூடாது.

முட்டுக்கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல் உதவாது; பாரம் ஏறினால் பொடியும். உருண்டைக் கல்லும் உதவாது. எங்கள் வீட்டுக் குழவி அன்று நின்றது எங்கள் நல்ல காலம். தச்சரிடம் சொல்லி, கருவேல மரத்தில், ஓரடி நீளமும் அரையடி உயரமும் உள்ள ஆப்பு வடிவக் கட்டைகள் நான்கு செய்துகொண்டேன். அடிப்புறத்தில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்திருக்கிறேன், சிமெண்டில் வழுக்குவதில்லை.

முதலில் வாங்கிய நான்கு பலகைகளில் இரண்டைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டுக்கு நைலான் உருளையை மாற்றிப் பாலியூரித்தேன் உருளை பொருத்தினோம். திரும்பும் தண்டின் குண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கிறேன். வண்டி நிற்கவேண்டிய இடத்துக்கு வந்ததும் பலகைகளை எடுத்துவிட்டுச் சக்கரங்களைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடுகிறேன். பலகைகள் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. அவற்றைச் சறுக்குவண்டி என்று எண்ணி ஏறி விளையாடப் பேரனுக்கு ஆசை மிகுதி. ஆகவே ஆணியை ஆறடி உயரத்தில் அடித்திருக்கிறேன்.